அலி, அரவாணி, திருநங்கை, திருநர் - செய்தித்தாள் தமிழில் ஒரு சொல்லின் வரலாறு

முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய தமிழ் நாளிதழ் ஒன்றை நூலகத்தில் எடுத்துப் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே கண்ணில் படும். இன்று திருநங்கை என்று நாம் சொல்கிறவர்களுக்கு அன்றைய செய்தியாளரிடம் மரியாதையான சொல் ஒன்றுகூட இல்லை. 'அலி' என்றுதான் எழுதுவார். இல்லையென்றால் தெருவில் கேலிக்குப் பயன்படும் ஏதாவது ஒரு சொல். அவர்கள் செய்தியாவதும் இரண்டே இடங்களில்தான். ஒன்று காவல்துறைச் செய்தி (அதில் "அட்டகாசம்" என்ற சொல் தவறாமல் வரும்). மற்றொன்று கூவாகம் திருவிழா.

சொல்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வீட்டில் ஒரு பிள்ளை தன்னை வேறு விதமாக உணரத் தொடங்கும்போது அப்பா அம்மாவுக்கு அதைப் பற்றித் தெரிந்திருப்பதெல்லாம் பேப்பரில் படித்ததும் சினிமாவில் பார்த்ததும்தான். அந்த இரண்டு இடத்திலும் கேலியும் குற்றமும் மட்டுமே இருந்தால் பிள்ளை வீட்டை விட்டு ஓடுவதைத் தவிர வேறு வழி என்ன? தமிழில் வந்த திருநங்கையரின் தன்வரலாறுகளைப் படித்தால், வீட்டை விட்டு வெளியேறும் அத்தியாயம் அநேகமாக எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஆச்சரியம் என்னவென்றால் தமிழுக்கு இவர்கள் புதியவர்கள் அல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் 'பேடு' ஒன்று. காமன் பேடி உருக்கொண்டு ஆடியதாக அதற்குக் கதை. தொல்காப்பியம் இவர்களை உயர்திணையில் வைத்தே பேசுகிறது. 13ஆம் நூற்றாண்டு நன்னூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பியவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பியவரைப் பெண்பாலாகவும் கொள்ள வேண்டும் என்கிறார் பவணந்தி முனிவர். அதாவது பிறந்தது எதுவாக என்பதல்ல, விரும்புவது எது என்பதே கணக்கு! ஆனால் அதே நூற்பாவின் கடைசியில் இவர்கள் அஃறிணையைப் போலவும் வருவார்கள் என்று ஒரு வாசலைத் திறந்துவிட்டும் போகிறார். பத்திரிகைகள் நெடுங்காலம் அந்தக் கடைசி வாசல் வழியாகத்தான் நடந்தன என்று சொன்னால் தவறில்லை.

முதல் மாற்றம் 1990களின் பிற்பகுதியில் 'அரவாணி' என்ற சொல்லோடு வந்தது. உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகில் உள்ள கூவாகத்தில் கூத்தாண்டவர் கோயில் இருக்கிறது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி அங்கே கூடுகிறவர்கள் களப்பலியாகப் போகும் அரவானுக்கு ஒரு நாள் மனைவியாகத் தாலி கட்டிக் கொள்வார்கள். மறுநாள் தாலி அறுத்து, வெள்ளைப் புடவை உடுத்தி அழுவார்கள். அரவானின் மனைவி அரவாணி. வசைச் சொல்லாக இல்லாத ஒரு பெயர் அச்சில் ஏறியது அப்போதுதான்.

சொல் மாறிய வேகத்தில் பார்வை மாறவில்லை. கூவாகத்துக்குப் போன புகைப்படக்காரர்கள் அழகிப் போட்டியையும், தாலி கட்டும் காட்சியையும், அழுகிற முகத்தையும் எடுத்துக் கொண்டு திரும்பினார்கள். ஆண்டுதோறும் அதே மூன்று படங்கள். மீதி முந்நூற்று அறுபது நாள் அந்த முகங்களுக்குச் சொந்தமானவர்கள் எங்கே குடியிருக்கிறார்கள், வாடகைக்கு வீடு கிடைக்கிறதா, ரேஷன் கார்டு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. 'அரவாணி' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருந்தது. அது ஒரு கோயில் சடங்கோடு கட்டப்பட்ட பெயர். கிறிஸ்தவராகவோ முஸ்லிமாகவோ கடவுள் நம்பிக்கை இல்லாதவராகவோ இருக்கும் ஒருவருக்கு அது எப்படிப் பொருந்தும்?

சினிமாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1995இல் வந்த 'பம்பாய்' படத்தில் கலவரத்தில் தவிக்கும் சிறுவனைக் காப்பாற்றுகிறவர் ஒரு திருநங்கை. அந்தச் சில நிமிடங்கள் விதிவிலக்கு. 2000இல் வந்த 'அப்பு' படத்தில் பிரகாஷ்ராஜ் செய்த மகாராணி கொடூர வில்லி. 2011இல் 'காஞ்சனா' அனுதாபத்தோடு ஒரு கதை சொன்னது. அதே ஆண்டு வந்த 'நர்த்தகி' படத்தில் கல்கி சுப்ரமணியமே முக்கிய வேடத்தில் நடித்தார். சரி, இனி முன்னேற்றம்தான் என்று நினைத்தால் 2015இல் 'ஐ' வந்தது. அதில் ஒரு திருநங்கைக் கதாபாத்திரத்தைக் கேவலப்படுத்தியிருந்த விதத்தை எதிர்த்து சென்னையில் திருநங்கையர் போராட்டமே நடத்த வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டு கழித்து வந்த 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் விஜய் சேதுபதியின் ஷில்பாவை விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் குழந்தைகளைக் கடத்திப் பிச்சையெடுக்க வைத்ததாக அந்தக் கதாபாத்திரத்தைக் காட்டியது பழைய பழியைத்தான் மறுபடி சுமத்துகிறது என்று திருநங்கையர் சிலர் கோபப்பட்டார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

உண்மையான திருப்பம் அவர்களே பேனாவைக் கையில் எடுத்தபோதுதான் வந்தது. அதற்கு முன்பு சு.சமுத்திரம் 'வாடாமல்லி' நாவலை 1990களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதியிருந்தார். வெகுஜனப் பத்திரிகை வாசகர்கள் ஒரு திருநங்கையின் வாழ்க்கையை வாரா வாரம் காத்திருந்து படித்தது அநேகமாக அதுவே முதல் முறை. ஆனாலும் அது வெளியிலிருந்து ஒருவர் எழுதியது. பிறகு ரேவதி தன் சமூகத்தினரின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டுத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' கொண்டு வந்தார். வலைப்பதிவு எழுதிக் கொண்டிருந்த லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' 2007இல் வெளிவந்தது. கன்னடத்தில் அது 'நானு அவனல்ல அவளு' என்று படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குத் தேசிய விருது கிடைத்தது. பிரியா பாபு 'மூன்றாம் பாலின் முகம்' நாவலை எழுதினார்.

2008ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் முக்கியமானது. அந்த ஆண்டின் தொடக்கத்தில் விஜய் டிவியில் 'இப்படிக்கு ரோஸ்' ஆரம்பமானது. அமெரிக்காவில் பொறியியல் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய ரோஸ் வெங்கடேசன் நடத்திய பேச்சு நிகழ்ச்சி அது. அதுவரை கேமராவுக்கு முன்னால் பதில் சொல்லும் இடத்தில் (அல்லது அழும் இடத்தில்) மட்டுமே திருநங்கையைப் பார்த்துப் பழகியவர்கள், முதன்முறையாகக் கேள்வி கேட்கும் நாற்காலியில் ஒருவரைப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தமிழக அரசு நலவாரியம் அமைத்தது. இந்தியாவிலேயே அப்படி ஒரு வாரியம் அதுதான் முதல். 'அரவாணிகள் நலவாரியம்' என்றே தொடங்கினாலும், 'திருநங்கை' என்ற சொல் முதல்வர் கருணாநிதியின் மேடைகளிலும் அரசு அறிவிப்புகளிலும் ஏறி நிலைத்தது. இந்தச் சொல்லின் பிறப்போடு நாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜின் பெயரும் சேர்த்துச் சொல்லப்படுவதுண்டு. அரசு ஒரு சொல்லைக் கையில் எடுத்தால் நாளிதழ்களும் எடுத்தே ஆக வேண்டும். சில ஆண்டுகளிலேயே 'அலி' செய்தித்தாளிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது.

'நங்கை' வந்த பிறகுதான் 'நம்பி' இல்லாதது உறைத்தது. பெண்ணாகப் பிறந்தவர் என்று கருதப்பட்டு, தன்னை ஆணாக உணர்கிறவர்கள் பத்திரிகைகளில் கேலிக்குக்கூட வரவில்லை. இல்லவே இல்லாதவர்கள் போல விடப்பட்டிருந்தார்கள். 'திருநம்பி' என்ற சொல்லும், இருவரையும் சேர்த்துக் குறிக்கும் 'திருநர்' என்ற சொல்லும் பிறகு புழக்கத்துக்கு வந்தன.

பெயர்ச்சொல்லோடு வேலை முடிந்துவிடுமா? தமிழில் முடியாது. தமிழ் வினைச்சொல்லின் வாலிலேயே பால் இருக்கிறது. வந்தான், வந்தாள், வந்தார். ஆங்கிலச் செய்தியாளர் பிரதிப்பெயரில் மட்டும் கவனமாக இருந்தால் போதும், தமிழ்ச் செய்தியாளர் ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். "திருநங்கை ஒருவர்" என்று மரியாதையாகத் தொடங்கிய செய்தி மூன்றாவது வரியில் "கூறினான்" என்று வழுக்கி விழுந்தது உண்டு. அதற்கு மருந்தும் தமிழிலேயே இருக்கிறது. '-ஆர்' விகுதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது, மரியாதையும் கூடவே வரும். ஆனால் நம் நாளிதழ் வழக்கில் '-ஆர்' எல்லோருக்கும் கிடைப்பதில்லையே! அமைச்சர் வந்தார், திருடன் வந்தான். காவல்துறைச் செய்தியில் வருகிறவர்களுக்கு ஒருமைதான். ஆகவே திருநருக்கு '-ஆர்' போடுவது இலக்கணப் பிரச்சினை மட்டுமல்ல, அவரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்ற பிரச்சினையும்கூட.

இதைவிடக் கொடுமையான எழுத்து ஒன்று உண்டு, அது '(எ)'. 'என்கிற' என்பதன் சுருக்கம். ரவுடிகளின் பட்டப்பெயருக்குப் போடுவது. ஒரு திருநங்கை இறந்துபோனால் அவர் வாழ்ந்த பெயருக்குப் பக்கத்தில் (எ) போட்டு, அவர் உதறிய பழைய ஆண் பெயரையும் அச்சிடுவார்கள். தகவல் முழுமையாக இருக்க வேண்டும் என்பார்கள். வாசகருக்கு அந்தப் பழைய பெயரால் என்ன பயன்?

2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருவர் தன் பாலினத்தைத் தானே தீர்மானித்துக் கொள்ளும் உரிமையை அது ஏற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று கோவையின் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். அடுத்த ஆண்டு பிரித்திகா யாசினி நீதிமன்றம் சென்று காவல் உதவி ஆய்வாளர் ஆகும் வாய்ப்பை வென்றார். அதன் பிறகு பத்திரிகைகளுக்குப் புதிதாக ஒரு வாய்பாடு கிடைத்தது. "முதல் திருநங்கை". முதல் காவல் அதிகாரி, முதல் பொறியியல் மாணவி, முதல் வழக்கறிஞர்... இவை மரியாதையான செய்திகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டாவதாக வருகிறவர் செய்தியாவதில்லை. முதலாமவர் வேலையில் என்ன அனுபவித்தார் என்பதும் செய்தியாவதில்லை. சாதித்தவருக்கு மட்டுமே '-ஆர்' என்றால் அது பழைய பந்தி வரிசையின் புது வடிவம், அவ்வளவே.

அடுத்த கட்டம் நீதிமன்றத்தில் தொடங்கியது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு பிறப்பித்தார். தனக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர் எழுதினார். அந்த வழக்கு தொடர்ந்தபோது பத்திரிகைகள் பயன்படுத்தும் சொற்களும் பேச்சுக்கு வந்தன. அரசு ஒரு சொற்பட்டியல் தர வேண்டும், ஊடகங்கள் அதைப் பின்பற்ற வேண்டும் என்றது நீதிமன்றம். குயர் சென்னை குரோனிக்கிள்ஸ் அமைப்பும் தி நியூஸ் மினிட் தளமும் இணைந்து ஊடகங்களுக்காகவே ஒரு சொற்களஞ்சியத்தைத் தயாரித்திருந்தன. 2022 ஆகஸ்டில் தமிழக அரசிதழில் அரசின் பட்டியல் வெளியானது. பால்புதுமையர், தன்பாலீர்ப்பு போன்ற சொற்களுக்கு அரசு முத்திரை கிடைத்தது. சமூகத்தினர் தங்களுக்குள் பல ஆண்டுகள் பேசி, மாற்றி, சண்டை போட்டு உருவாக்கிய சொற்கள் இவை.

இந்த வரலாற்றில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏசெக்ஷுவல் மக்கள், அதாவது யார் மீதும் பாலீர்ப்பு தோன்றாதவர்கள். இவர்களுக்குத் தமிழ் ஊடகத்தில் வசைச்சொல் கிடைத்ததைவிட நோய்ப்பெயர் கிடைத்ததே அதிகம். நள்ளிரவுத் தொலைக்காட்சியில் வரும் மருத்துவர்கள் விருப்பமின்மை என்றாலே 'குறைபாடு' என்று சொல்லி லேகியம் விற்பார்கள். பத்திரிகைக் கேள்வி பதில் பகுதியிலும் "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்" என்பதுதான் வழக்கமான பதில். அந்தப் பதிலை நம்பிப் பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைத்தால் பாதிக்கப்படுவது ஒருவரல்ல, இருவர்.

மொழியும் இங்கே கொஞ்சம் காலை வாரிவிடுகிறது. 'பாலிலா' என்று மொழிபெயர்த்தால் உயிரியல் பாடத்தில் அமீபா இரண்டாகப் பிளப்பதும் ஹைட்ரா மொட்டு விடுவதும்தான் நினைவுக்கு வரும். 'பாலினமற்றவர்' என்று எழுதினால் பொருளே தவறு. பாலினம் வேறு, ஈர்ப்பு வேறு. ஏசெக்ஷுவலாக இருப்பவர் ஆணாகவோ பெண்ணாகவோ திருநராகவோ இருக்கலாம். 'பிரம்மச்சாரி' என்பதும் பொருந்தாது. அது விருப்பத்தை அடக்கும் விரதம், இது விருப்பம் எழாத இயல்பு. மணவாழ்க்கை வேண்டாம் என்று பிள்ளையாரை வேண்டிக் கிழவியான ஔவையின் கதையைக் கேட்டு வளர்ந்த நாட்டில் இது புரியாமலிருப்பது வேடிக்கைதான். (ஔவை ஏசெக்ஷுவல் என்று சொல்ல வரவில்லை. அந்தக் கதைக்கு அப்படிப் பெயர் சூட்டுவது இன்னொரு தவறு.)

மேலை நாடுகளிலும் இது வெகு காலம் கவனிக்கப்படவில்லை. கின்சி தன் 1948 ஆய்வில் ஈர்ப்பு இல்லாதவர்களை 'எக்ஸ்' என்று குறித்து ஓரமாக ஒதுக்கினார். 2001இல் டேவிட் ஜே என்ற அமெரிக்கர் தொடங்கிய ஏவன் இணையதளத்தில்தான் இவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடித்தார்கள். 2004இல் அந்தோணி போகர்ட், பிரிட்டனில் 18,000 பேருக்கு மேல் கலந்து கொண்ட ஒரு கணக்கெடுப்பைப் பார்த்துச் சுமார் ஒரு சதவீதம் பேர் இப்படி இருக்கலாம் என்று எழுதினார். 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்-5, தன்னை ஏசெக்ஷுவல் என்று அடையாளப்படுத்திக் கொள்கிறவருக்கு விருப்பக் குறைபாட்டு நோய் என்று முத்திரை குத்தக்கூடாது என்று தெளிவுபடுத்தியது.

நூறில் ஒருவர் என்றால் பத்து வகுப்பறை உள்ள பள்ளியில் நாலைந்து பேராவது இருப்பார்கள். தமிழில் திருநங்கையரின் தன்வரலாறுகளுக்கு இன்று ஒரு சின்ன அலமாரியே வேண்டும். 'நான் வித்யா' போலத் தங்கள் பெயரைச் சொல்லி இந்த நாலைந்து பேர் எழுதிய புத்தகம் அந்த அலமாரியில் இன்னும் இடம் பிடிக்கவில்லை.