பங்கு பிரிக்கப்பட்ட மக்கள்

பூகோள நூலைத் திறந்தால் நாட்டின் எல்லைக்கு இலக்கணம் எளிதிற் கிடைத்துவிடுகிறது. இலங்கைக்கு நாற்புறமும் கடலே எல்லை. வடமேற்கே பாக்கு நீரிணை. அதற்கப்பால் அயல்நாடாகிய இந்தியா. மஸ்கெலியாத் தோட்டப் பாடசாலைகளில் இப்பாடத்தை மனனஞ் செய்து வளர்ந்த மாணவர் நாம். ஆயினும் பாடம் முடிந்து லயத்துக்குத் திரும்பியதும் வேறொரு பூகோளம் எம்மை எதிர்கொண்டது. பெரியப்பா குடும்பம் கூடலூரில். பாட்டியின் தகரப் பெட்டியிலோ காலங்கடந்த ஓர் இந்தியக் கடவுச்சீட்டு. அதன் அடியிலே, தாத்தாவின் பிரஜாவுரிமை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதென அறிவிக்கும் மஞ்சளித்த கடிதம். ஒரே கூரையின் கீழ் ஒருவர் இலங்கையர், ஒருவர் இந்தியர், ஒருவர் எந்நாட்டவருமல்லர் என்றிருந்த காலம் எம் பெற்றோரின் இளமைக் காலம். கடலிலே கிடப்பதாகப் புத்தகம் கூறிய எல்லை எங்கள் லயத்தின் நடுவே வந்து விழுந்தது எவ்வாறு? அதை இழுத்தவர் யார்? இவற்றுக்கு விடை காணாமல் வரலாறு படித்து என்ன பயன்?

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையேயுள்ள கடல் சுமார் 30 கிலோமீற்றரே. 1820களில் கண்டிச் சீமையிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றிய நாள்தொட்டு, திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, சேலம் ஆகிய பகுதிகளின் நிலமற்ற மக்கள் இக்கடலைத் தோணியேறிக் கடந்தனர். வறட்சியும் கடனும் சாதிக் கொடுமையும் பின்னின்று துரத்த, கங்காணியின் ஆசை வார்த்தை முன்னின்று இழுத்தது. மன்னாரிலிருந்து மாத்தளை வரையில் காட்டு வழியே கால்நடையாக வந்தவர்களுள் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியாகி வழியிலேயே புதைந்தோர் எத்தனை பேர்! அன்று அவர்களிடம் கடவுச்சீட்டுக் கேட்டார் எவருமில்லை. இரு கரைகளும் ஒரே முடியின் ஆட்சியில் இருந்தன. முதலாளிக்கு வேண்டியிருந்தது மலிவான உழைப்பு.

கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்திற்கு வந்து, முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துறைத் தோட்டத்திற் பயிரிட்டிருந்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் தேவை. ஆகவே தொழிலாளி குடும்பத்தோடு குடியமர்த்தப்பட்டான். பிள்ளைகள் இங்கே பிறந்தனர். பெற்றோர் இங்கே மண்ணாயினர். பின்னாளில் அரசியல்வாதிகள் சிலர் ‘வந்து போகும் கூட்டம்’ என இம்மக்களைத் தூற்றினர். நிலைத்து வாழ்வதைத் தேயிலைச் செடியே அவர்கள்மீது விதித்துவிட்டது என்பதை அவர்கள் அறியாதவர்களா?

கடல் திறந்திருந்த அக்காலத்திலும் எல்லையொன்று இருக்கவே செய்தது. அது தோட்டத்து வாயிலில் இருந்தது. கங்காணியிடம் பெற்ற கடன் தீர்ந்தாலன்றித் தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் பெயர முடியாது. கடன் தொகை குறித்த ‘துண்டு’ கையில் இல்லாதவனுக்கு வேறெங்கும் வேலை கிடையாது. 1921இல் இம்முறை சட்டத்தால் தடை செய்யப்படும் வரையில், கடலைக் கடப்பதைவிடப் பக்கத்துத் தோட்டத்தை அடைவது கடினமாயிருந்தது எனலாம். எல்லை என்பது எவரது நலனுக்காக எங்கே இடப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

மற்றொரு சம்பவமும் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்டத் தொழில் பழக வந்த மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில் என்ற வெள்ளை இளைஞர், தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறிப் பேசினார். 1937 ஏப்ரலில் அவரை நாடு கடத்தத் தேசாதிபதி ஆணையிட்டார். லங்கா சமசமாஜக் கட்சியினர் அவரை மறைத்து வைத்துப் போராடினர். அவ்வாணை செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மனிதரை நாடு கடத்த முயன்றதற்கே நாடு கொந்தளித்தது. பதினோராண்டுகளின் பின் இலட்சக்கணக்கானோர் இருந்த இடத்திலேயே நாடு கடத்தப்பட்டபோது அக்கொந்தளிப்பு எங்கே போயிற்று?

அந்நிலை வந்த விதத்தை வரிசையாய்க் காண்போம். 1931இல் டொனமூர் அரசியல் திட்டம் சர்வசன வாக்குரிமையைக் கொணர்ந்தது. இந்தியத் தொழிலாளர் பலருக்கு அதனை மறுக்கும் நிபந்தனைகளும் உடன் வந்தன. எனினும் தொழிலாளர் விழித்தெழுந்தனர். கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மாளும் தோட்டந்தோட்டமாய்ச் சென்று சங்கம் வளர்த்தனர். 1939இல் இந்திய அரசு தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதைத் தடை செய்தது. அவ்வாண்டிலேயே இலங்கை இந்தியக் காங்கிரஸ் பிறந்தது. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது பொலிஸாரின் குண்டுக்குக் கோவிந்தன் என்னும் தொழிலாளி இரையானார். 1947 பொதுத் தேர்தலில் மலைநாட்டு மக்கள் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். எமது மஸ்கெலியாத் தொகுதியின் உறுப்பினர் ஜி.ஆர். மோத்தா. வேறு பல தொகுதிகளில் இம்மக்களின் வாக்கு இடதுசாரி வேட்பாளருக்குத் துணை நின்றது.

ஆளும் வர்க்கத்தை அச்சுறுத்தியது இதுவே. ஒரு கூலியின் கையிலிருந்த கவ்வாத்துக் கத்தியைக் கண்டு அஞ்சாதவர்கள் அதே கையிலிருந்த வாக்குச் சீட்டைக் கண்டு அஞ்சினர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பிறந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும் என்றது அது. லயத்தில் மருத்துவிச்சி கையில் பிறந்த பாட்டனுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் தொடர்ந்து வாழ்ந்தமையை மெய்ப்பிக்க வேண்டும். இடையில் பன்னிரண்டு மாதத்துக்குமேல் இந்தியாவில் தங்கியிருந்தால் அத்தொடர்ச்சி அறுந்துபோம். தாயின் கடைசி நாட்களில் அருகிருக்கச் சென்றவன்கூட உரிமையிழந்து திரும்பினான். அவ்வாண்டிலேயே தேர்தற் சட்டத் திருத்தம் வாக்காளர் இடாப்பிலிருந்து இம்மக்களின் பெயர்களை அடித்தது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். ஈற்றில் உரிமை பெற்றோர் ஒன்றரை இலட்சத்தையும் எட்டவில்லை. 1952 பொதுத் தேர்தலில் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரேனும் பாராளுமன்றம் புகவில்லை. கோடாக்கன் பிள்ளை தொடுத்த வழக்கு இங்கிலாந்தின் பிரிவு கவுன்சில் வரையிற் சென்றது. தனது பிரஜைகள் யாவர் எனத் தீர்மானிப்பது ஒரு நாட்டுச் சட்டசபையின் இயல்பான அதிகாரமே என்று 1953இல் அம்மன்று கூறிவிட்டது.

சிங்கள இனவாதமே இதற்கு முழுக் காரணம் எனச் சொல்லிவிட்டு நாம் ஓய்ந்திருக்க முடியாது. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சராகி 1949ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆதரித்தார். மொழி ஒன்றாயிருந்தும் வர்க்கம் வேறாயிருந்தமை அங்கு வெளிப்பட்டது. அவரினின்று பிரிந்து செல்வநாயகம் தமிழரசுக் கட்சி கண்டமைக்கு இச்சட்டங்களும் காரணமாயின. சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும் அன்று எதிர்த்து வாக்களித்தனர். அது அவர்களின் பெருமை. ஆனால் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அரசிற் சேர்ந்தது. அக்டோபரில் அவ்வரசே டில்லியில் ஒப்பந்தம் எழுதியது. பிரேஸ்கேர்டிலைக் காத்த கட்சி அவ்வேளையில் ஆட்சிப் பீடத்தில் அமர்ந்திருந்தது. இதனை எழுதுவது எமக்கு மகிழ்ச்சியன்று. எழுதாமல் விடுவது நேர்மையன்று.

1964 அக்டோபர் 30ஆம் நாள் ஒப்பமான ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் வெறும் கணக்குப் பாடம். நாடற்றவர் தொகை 9,75,000 என மதிப்பிடப்பட்டது. அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்படுவர். 1974இல் அந்த எச்சமும் தலைக்கு 75,000 எனச் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. பாகப்பிரிவினையில் மாட்டைப் பிரிப்பவர்கூடப் பசுவையும் கன்றையும் பிரிக்கத் தயங்குவர். இரு பெரும் அயல்நாடுகளுக்கு அத்தயக்கமும் ஏற்படவில்லை. மேசையின் இருபுறமும் அரசாங்கங்கள் இருந்தன. பிரிக்கப்பட்டவர்களின் சம்மதத்தைக் கேட்டார் எவருமில்லை. சீன எல்லைப் போருக்குப் பின் அயலவரின் நட்பை இந்தியா பெரிதும் நாடிய காலம் அது. அந்நட்பின் விலையைக் கொழுந்துக் கூடை சுமந்த பெண்கள் செலுத்தினர்.

அவ்விலை எத்தகையது? ஹட்டன் புகையிரத நிலையத்தை அறிந்த முதியோரைக் கேளுங்கள். தலைமன்னார் செல்லும் வண்டிக்கு ‘அழுகைக் கோச்சி’ என்றே பெயர். பயணம் சொல்ல வந்தோரும் பயணம் போவோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறினர். ஒப்பந்தமாகி இரு மாதம் நிறையுமுன், 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. பின்னர் கப்பல் இராமேஸ்வரத்தை நாடிற்று. அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆளனுப்பிய முகாமும் அதுவே. திரும்பி வந்தோரை ஏற்ற முகாமும் அதுவே. 1983இன் பின் அகதிகளை ஏற்ற முகாமும் அதுவே. ஒரு நூற்றாண்டின் அயலுறவு வரலாறு முழுவதும் அம்முகாமின் கொட்டகைகளில் எழுதப்பட்டிருக்கிறது. தாயகம் திரும்பியோர் எனப் பெயர் சூட்டப்பட்டவர்கள் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், கேரள, கர்நாடக ரப்பர்த் தோட்டங்களிலும், ஆலைகளிலும் கூலிகளாயினர். இங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டவர்கள் அங்கே ‘சிலோன்காரர்’ என ஒதுக்கப்பட்டனர்.

அதே ஆண்டுகளில் மஸ்கெலியாவிலே இன்னொரு பெயர்ச்சியும் நிகழ்ந்தது. 1960களில் மவுசாகலை அணை எழுந்து, பழைய மஸ்கெலியா நகரம் நீரில் மூழ்கிற்று. மேட்டிலே புதுநகர் அமைந்தது. மின்சாரம் நாட்டுக்குத் தேவை. அணையை நாம் குறைகூறவில்லை. ஆனால் ஒரு கடைத்தெருவைப் பெயர்த்தபோது அதற்கு மறுவிடம் தந்தே தீரவேண்டும் என அரசு உணர்ந்தது. அக்கடைத்தெருவில் சம்பள நாளன்று சாமான் வாங்கிய மக்களுக்கோ, நூற்றாண்டு காலம் உழைத்த மண்ணில் இடமுண்டா என்பதே கேள்வியாயிருந்தது.

எஞ்சியதைச் சுருங்கக் கூறலாம். 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973–74இல் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நேர்ந்தன. 1977, 1981, 1983 வன்செயல்கள் பலரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் கடல் கடந்தும் விரட்டின. போர் மூண்டதும் கப்பற் போக்குவரத்து நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போக வழியின்றி இருந்தோர் பல்லாயிரவர். 1986, 1988 சட்டங்களும் இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியோருக்குப் பிரஜாவுரிமை அளித்தன. 1948இல் பறிக்கப்பட்டது திரும்பி வர ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. உரிமையைக் கேட்டு மனுப் போட்டவர்களிற் பலர் அதனைக் காணாமலே தேயிலைக்கு உரமாயினர்.

அக்கரையிலோ கணக்கு இன்னும் முடியவில்லை. தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்வோருள் மலையகத்தவரும் உளர். இந்திய வம்சாவளியினரான இவர்களின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்குமாறு 2019 ஜூனில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை பணித்தது. அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டமோ பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று அயல்நாடுகளையே குறிப்பிட்டது; இலங்கை அதில் இல்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்த விதியென எண்ணுவது பிழை. 1960களில் பர்மாவிலிருந்து இந்தியர் இலட்சக்கணக்கில் வெளியேற்றப்பட்டனர். அந்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் ரோஹிங்கியரை நாடற்றோராக்கியது. 2019 ஆகஸ்டில் வெளியான அசாம் குடிமக்கள் பதிவேட்டில் 19 இலட்சம் பேரின் பெயர் இல்லை. பாட்டனின் பத்திரத்தைக் கொண்டுவா என்ற அதே கேள்வி அங்கும் கேட்கப்பட்டது. எங்கும் ஒரே முறை: உழைப்பு வேண்டியபோது எல்லை திறக்கிறது, உழைத்தவன் உரிமை கேட்கும்போது அது மூடுகிறது. பிறகு, வந்தேறி என்ற பெயர் வருகிறது.

எல்லைகளே வேண்டாம் என வாதிடுவது எம் நோக்கமன்று. நாடுகள் இருக்கும்வரை எல்லைகளும் இருக்கும். ஆனால் எல்லைக்குள் யார் உரியவர் என்பதை முடிவு செய்ய, பழம் பத்திரத்தைவிட மேலான சான்று ஒன்றுண்டு. அது அம்மண்ணில் வாழ்ந்த வாழ்வும் சிந்திய வியர்வையுமே. மனிதரைப் பற்றி இரு நாடுகள் ஒப்பந்தம் செய்யும்போது அம்மனிதரே மூன்றாம் தரப்பாக அமர்தல் வேண்டும். 2023இல், மலையக மக்கள் வந்து இருநூறாண்டு நிறைந்த நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் நடந்தோர் கேட்டதும் சம உரிமையே. பிரஜாவுரிமை கிட்டியபின்னும் லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லை. குடியிருக்கும் நிலம் சொந்தமில்லை. அந்த எல்லைக் கோடு இன்னும் அழியவில்லை.

கோடையில் மவுசாகலை வற்றும்போது மூழ்கிய பழைய கோயில் தலைகாட்டுகிறது. மக்கள் சேற்றில் இறங்கிச் சென்று விளக்கேற்றி வருகின்றனர். மழை பெய்ததும் அது மறைகிறது. அங்கே இருப்பதை ஊரார் எவரும் மறப்பதில்லை. பாக்கு நீரிணையை வரைபடத்திற் காட்டும் ஆசிரியர்கள், அதன்மீது ஐந்து இலட்சம் பேரைப் பங்கு போட்ட கணக்கையும் எம் தம்பி தங்கையருக்குச் சொல்லித் தருவார்களாக. அன்றுதான் பூகோளப் பாடம் பூர்த்தியாகும்.