113-ஆம் கட்டத்தை நிரப்பிய மூன்று அணுக்கள்

இலங்கையின் பலாங்கொடைப் பகுதியில் கிடைத்த கனமான கருநிறக் கல் ஒன்று, 1904-ஆம் ஆண்டில் வேதியியலாளர்களின் கவனத்தை ஈர்த்தது. அப்போது இலங்கைக் கனிம ஆய்வுப் பணிக்குத் தலைமை வகித்தவர் ஆனந்த குமாரசுவாமி. பிற்காலத்தில் நடராஜர் தத்துவத்தையும் இந்தியக் கலையையும் பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற அதே குமாரசுவாமிதான். யுரேனியக் கனிமம் என்று முதலில் எண்ணப்பட்ட அந்தக் கல்லில் தோரியமே மிகுதி என்று ஆய்வில் தெரிந்தது. தோரியனைட் என்று பெயரும் வைத்தார்கள். லண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வகத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டில் ஜப்பானிலிருந்து அங்கே படிக்க வந்திருந்த மசதாகா ஒகாவாவிடம் அதைக் கொடுத்து, புதிய தனிமம் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ராம்சே.

ஒகாவா கண்டுபிடித்தார். 1908-இல் அதை அறிவித்து, நிப்போனியம் என்று தன் நாட்டின் பெயரையே சூட்டினார். தனிம அட்டவணையில் காலியாக இருந்த 43-ஆம் கட்டம்தான் அதற்குரிய இடம் என்பது அவருடைய கணக்கு. ஆனால் மற்றவர்கள் தேடியபோது அந்தத் தனிமம் அகப்படவில்லை. நிப்போனியம் அட்டவணையிலிருந்து மறைந்துபோனது.

பல பத்தாண்டுகள் கழித்து தொஹோகு பல்கலைக்கழக வேதியியலாளர் கென்ஜி யோஷிஹாரா பழைய ஆவணங்களைத் துருவிப் பார்த்தார். ஒகாவாவின் கையில் இருந்தது உண்மையிலேயே புதிய தனிமம்தான். ஆனால் 43 அல்ல, அட்டவணையில் அதற்கு நேர் கீழே இருக்கும் 75. இன்று ரேனியம் என்று அழைக்கப்படும் அந்தத் தனிமத்தைக் கண்டுபிடித்த பெருமை 1925-இல் ஜெர்மானியர்களுக்குப் போய்விட்டது. தனிமம் கைக்கு வந்த பிறகும், அது எது என்று நிரூபிக்க முடியாததால் அதை இழந்தார் ஒகாவா. அடுத்த நூறு ஆண்டுகளில் ஜப்பானிய விஞ்ஞானிகள் திரும்பத் திரும்ப மோதியது இந்தச் சுவரில்தான்.

அடுத்து மோதியவர் யோஷியோ நிஷினா. கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் பயின்றவர். 1917-இல் டோக்கியோவில் தொடங்கப்பட்ட ரிகென் ஆய்வு நிறுவனத்தில், 1937-இல் ஜப்பானின் முதல் சைக்ளோட்ரானை, அதாவது துகள்களைச் சுழற்றி வேகமூட்டும் இயந்திரத்தை, இயக்கிக் காட்டினார். 1940-இல் அவரும் வேதியியலாளர் கென்ஜிரோ கிமுராவும் வேக நியூட்ரான்களை யுரேனியத்தின் மீது செலுத்தி, யுரேனியம்-237 என்ற ஐசோடோப்பை உண்டாக்கினார்கள். ஏறக்குறைய ஒரு வாரம் அரை ஆயுள் கொண்ட அது சிதைந்தால் 93-ஆம் தனிமமாக மாறியாக வேண்டும். மாறவும் செய்தது. ஆனால் அப்படிப் பிறந்த ஐசோடோப்பின் அரை ஆயுள் 20 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல்! அவ்வளவு மெல்லச் சிதைவதன் கதிர்வீச்சை அன்றைய கருவிகளால் பிடிக்க முடியவில்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லியில் மக்மில்லனும் ஏபெல்சனும் வேறொரு ஐசோடோப்பின் வழியாக 93-ஐ அடையாளம் கண்டு, நெப்டியூனியத்தின் உரிமையைப் பெற்றார்கள்.

போர் முடிந்ததும் இன்னும் பெரிய இடி விழுந்தது. 1945 நவம்பரில் அமெரிக்க ஆக்கிரமிப்புப் படையினர் ரிகெனின் சைக்ளோட்ரான்களை வெட்டிப் பிரித்து டோக்கியோ விரிகுடாவில் வீசினார்கள். அணுகுண்டுக்கான கருவிகள் என்று கருதிச் செய்த வேலை அது. அமெரிக்க விஞ்ஞானிகளே கொதித்தெழுந்து கண்டித்தார்கள்; தவறு நடந்துவிட்டதாக அமெரிக்கப் போர்த்துறையும் ஒப்புக்கொண்டது. கடலுக்குள் போன இயந்திரங்கள் போனவைதான். நிஷினா 1951-இல் காலமானார்.

இதற்குள் புதிய தனிமங்களை உண்டாக்கும் முறையே மாறத் தொடங்கியிருந்தது. நியூட்ரானைச் செலுத்திப் படிப்படியாக மேலேறும் வழி நூறாவது தனிமத்தோடு அடைபட்டுப்போகிறது. அதற்கு அப்பால் செல்ல, இரண்டு அணுக்கருக்களை மோதவைத்து ஒன்றாக்க வேண்டும். இரண்டிலும் இருப்பது நேர்மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று மூர்க்கமாக விலக்கும். மோதும் வேகம் குறைந்தால் ஒட்டாது. கூடினால் ஒட்டிய அணுக்கரு கொதித்துப்போய்ப் பிளந்துவிடும். 1974-இல் ரஷ்யாவின் துப்னாவில் யூரி ஒகனெசியன் ஒரு வழி காட்டினார். ஈயம் அல்லது பிஸ்மத்தை இலக்காக வைத்தால், இணைந்த அணுக்கருவின் சூடு குறைவாக இருக்கும். ஒரேயொரு நியூட்ரானை உதிர்த்துவிட்டு அது தப்பிப் பிழைக்கலாம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வகம் இந்த வழியில் 107 முதல் 112 வரை சென்றது. 113-க்கும் முயன்றது, கிடைக்கவில்லை.

ரிகெனில் கோசுகே மொரிட்டாவின் குழு 2003 செப்டம்பரில் அதே வேலையைக் கையில் எடுத்தது. துத்தநாகத்தில் 30 புரோட்டான்கள், பிஸ்மத்தில் 83, கூட்டினால் 113. கணக்கு இவ்வளவுதான். நடைமுறையோ மலைக்கவைப்பது. ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில், வினாடிக்குச் சுமார் 2.4 லட்சம் கோடி துத்தநாக அயனிகள் பிஸ்மத் படலத்தின் மீது பாய்ந்தன. படலத்தின் தடிமன் ஒரு மைக்ரான்கூட இல்லை. ஒரே இடத்தில் அடி விழுந்தால் உருகிவிடும் என்பதால் அதைச் சுழலும் சக்கரத்தில் பொருத்தியிருந்தார்கள். அதற்குப் பின்னால் ஹீலியம் வாயு நிரம்பிய காந்தப் பாதை. இணையாமல் சென்ற அயனிகளை அது திசைதிருப்பிவிட்டு, இணைந்த அணுக்கருவை மட்டும் சிலிக்கான் உணரிக்குக் கொண்டுசேர்க்கும்.

2004 ஜூலை 23 அன்று ஓர் அணு வந்து பதிந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகூட அது நிலைக்கவில்லை. பதிந்த அதே புள்ளியில், இரண்டு புரோட்டான்களைச் சுமந்துகொண்டு ஆல்ஃபா துகள் ஒன்று கிளம்பியது. 113 போய் 111 ஆனது. பிறகு 109, 107, 105. அடுத்து அணுக்கரு இரண்டாகப் பிளந்து தொடர் முடிந்தது. 2005 ஏப்ரல் 2 அன்று இரண்டாவது அணு; அதுவும் 105-க்கு வந்ததும் பிளந்தது.

இரண்டு அணுக்கள் கிடைத்தும் உலகம் ஏற்கவில்லை. அந்த மறுப்பு நியாயமானதே என்றுதான் சொல்ல வேண்டும். நொடியில் மறையும் ஓர் அணுவுக்குச் சாட்சி அதன் வாரிசுகள் மட்டுமே. அந்த வாரிசுகளை முன்பே நன்றாக அறிந்திருந்தால்தான் சாட்சியம் நிற்கும். 107-ஆம் தனிமத்தின் 266 நிறை எண் கொண்ட ஐசோடோப்பைப் பற்றி அப்போது போதிய தரவு இல்லை. மொரிட்டாவின் குழு என்ன செய்தது தெரியுமா? சோடியத்தை கியூரியத்தோடு மோதவிட்டு அந்த வாரிசைத் தனியாகவே உண்டாக்கி, அதன் சிதைவை அளந்து வைத்துக்கொண்டது. இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிக அழகான வேலை அது. அப்படியும் 2011-இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் அறிக்கை, போதாது என்றே சொன்னது. துப்னாவிலும் 115-இன் சிதைவில் 113 தென்பட்டதாக ஓர் உரிமைகோரல் இருந்தது.

தேடல் நீண்டது. கோயிலுக்குப் போனால் 113 யென் காணிக்கை போடுவது மொரிட்டாவின் வழக்கமாகியிருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

2012 ஆகஸ்ட் 12 அன்று மூன்றாவது அணு வந்தது. இந்த முறை 105 பிளக்கவில்லை. ஐந்தாவது ஆல்ஃபாவை விட்டு 103 ஆனது. ஆறாவதை விட்டு 101. எல்லோருக்கும் தெரிந்த லாரன்சியம்-258, மெண்டலீவியம்-254 ஆகியவற்றில் தொடர் வந்து நின்றபோது, சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. ஒன்பது ஆண்டுகளில் மொத்தம் 553 நாள் அயனிக் கற்றை பாய்ந்ததற்கு விளைச்சல் மூன்றே அணுக்கள்.

2015 டிசம்பர் கடைசியில் கண்டுபிடிப்பின் உரிமை ரிகெனுக்கு வழங்கப்பட்டது. 2016 நவம்பரில் நிஹோனியம் என்ற பெயர் உறுதியானது. ஆசியாவில் கண்டுபிடிக்கப்பட்டுப் பெயரிடப்பட்ட முதல் தனிமம் இது. ரிகென் இப்போது இருக்கும் வாகோ நகரில், ரயில் நிலையத்திலிருந்து ஆய்வகத்துக்குச் செல்லும் நடைபாதையில் தனிமங்களின் பெயர்ப் பலகைகளை வரிசையாகப் பதித்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வகத்தில் 2018 முதல் 119-ஐத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். இலக்கு, அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் தயாரான கியூரியம். அதன் மீது பாய்வது வனேடியம். துத்தநாகக் கற்றையைத் தந்த பழைய நேர்கோட்டு முடுக்கியும் மீக்கடத்திகள் பொருத்தி வலுவாக்கப்பட்டிருக்கிறது.