யார் அந்த ‘ஹி’?

ஆங்கில இலக்கணம் சொல்லித்தருகிறவர்கள் கரும்பலகையில் எழுதிப்போடும் வகையிலான வாக்கியம் இது: ‘ராமன் டோல்ட் முருகன் தட் ஹி ஹேட் ஃபெயில்ட்.’ தோற்றது யாருப்பா, ராமனா முருகனா? வாக்கியம் வாய் திறக்காது. தமிழில் ‘தான் தோற்றுவிட்டதாக’ என்று சொன்னால் போதும், ராமன் பிடிபட்டுவிடுவான். ஆங்கிலத்துக்கு இப்படியொரு ‘தான்’ இல்லை. பிரதிப்பெயர் குழம்பும் இடத்தில் பெயரையே திரும்பச் சொல், அல்லது வாக்கியத்தை உடை என்பது அங்கே விதி.

இந்த விதியைக் கறாராகக் கையாண்ட பிரதி ஒன்று நம்மை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் வரைவு தந்து, 1860இல் சட்டமாகி, 1862இல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் அது. திருட்டை வரையறுக்கும் 378ஆம் பிரிவில் ஓர் உதாரணம்: இசட் என்பவரின் நாயை ஏ என்பவர் தின்பண்டம் காட்டி இழுத்துப்போகிறார். ஏ மட்டும் இருக்கும்போது ‘அவர் பை’ என்று சொல்லலாம், சொல்கிறது. இசட் நுழைந்த பிறகு ஏ, இசட், ஏ என்று பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. சலிப்பைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலையில்லை. தண்டனை ஆள் மாறிப் போய்விடக் கூடாது.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு, ‘ஹி’ என்பது பெண்ணையும் குறிக்கும் என்றது. 2024 ஜூலை 1இல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, திருநரையும் ‘ஹி’க்குள் சேர்த்தது. ஆக, ஒரு பிரதிப்பெயருக்குள் யார் யார் அடக்கம் என்பதை அதிகாரம்தான் தீர்மானிக்கிறது.

ஏ-க்கும் இசட்டுக்கும் சாதி கிடையாது. ஊர் மனிதர்களுக்கு உண்டு. தென்காசிக்கு அருகே, மலையடிவாரத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19 அன்று நூற்றுக்கணக்கான தலித் மக்கள் இஸ்லாத்தைத் தழுவினார்கள். தேசமே பேசியது. வளைகுடாப் பணம் புகுந்தது என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. அந்தக் குற்றச்சாட்டை ஆங்கிலத்தில் இப்படி எழுதிப்பாருங்கள்: ‘தே கேவ் தெம் மணி பிகாஸ் தே வான்டட் இட்.’ கொடுத்தது யார், வாங்கியது யார், வேண்டியது யாருக்கு? மூன்று பிரதிப்பெயர்களுக்கும் ஆள் இல்லை. ஆனாலும் வாக்கியம் ஓடுகிறது. வதந்திக்கு இதைவிட வசதியான இலக்கணம் வேறில்லை. பெயரைப் போடு என்று கேட்டால் சாட்சியும் கேட்க வேண்டிவரும்.

இன்னொரு சங்கதி, பெயரைத் திரும்பச் சொன்னாலும் ஆங்கிலத்தில் தொலைந்துபோவது. மதம் மாறியவர்கள் சொன்ன காரணங்களில் மரியாதையும் ஒன்று. தலைநரைத்த மனிதரை மேல்சாதிப் பையன் ‘ஏலே, வாலே’ என்பான். மாறிய பிறகு ‘வாங்க பாய்’. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘யூ’. அவனும் அவரும் ஒரே ‘ஹி’. இலக்கணப்படி பிழையே இல்லாத அந்த வாக்கியத்தில், அந்த மக்கள் எதைவிட்டு வெளியேறினார்களோ அது காணாமல் போகிறது. பிறகு, காரணம் பணம்தான் என்று சொல்வது எளிது.

ஆகவே நம் ஊர்ச் செய்தியை ஆங்கிலத்தில் அறிக்கையாகவோ மனுவாகவோ எழுதுகிற தோழர்கள் இரண்டு காரியம் செய்யலாம். ‘தே’ வரும் இடத்திலெல்லாம் யார் என்று கேட்டுப் பெயரை வைப்பது. ‘ஏலே’ என்று விளித்திருந்தால், ‘யூ’ என்று கடந்துபோகாமல், ‘ஏலே’ என்றே எழுதி, யார் யாரைப் பார்த்து, எந்த வயதில் எந்த வயதினரைச் சொன்னார் என்பதையும் எழுதிவிடுவது. வாக்கியம் கொஞ்சம் நீளும், நீளட்டும்.