கோப்புக்குள் ஒரு குறிப்பு



தோட்டத்துப் பழைய செக்ரோல் புத்தகத்தைப் புரட்டினால், அதை எந்தக் கிராணியார் எழுதினார் என்பதைக் கையெழுத்தே சொல்லிவிடும். தட்டச்சு இயந்திரம் வந்தபின் கையெழுத்து மறைந்தது. ஆயினும், தேய்ந்துபோன ஓர் எழுத்தை வைத்து, கடிதம் எந்த இயந்திரத்தில் அடிக்கப்பட்டது என்று வல்லுநர்கள் கண்டுபிடித்தார்கள். கணினியில் எழுத்து தேய்வதில்லை. பிறகு எப்படி அறிவது?

கணினியில் எழுத உதவும் மென்பொருளே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நாம் படிக்கும் பக்கத்தில் தெரியாமல், கோப்பின் உள்ளே ஒரு குறிப்பை அது எழுதி வைக்கிறது. இதனை மீத்தரவு என்பர்.

இக்குறிப்பு ஓர் அரசாங்கத்தையே தலைகுனிய வைத்தது. 2003 பிப்ரவரியில், ஈராக் போருக்குச் சில வாரங்களே இருந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேரின் அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உளவுத் தகவல்களும் அதில் அடங்கியுள்ளன என்றார்கள். அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐக்கிய நாட்டுச் சபையிலேயே அதைப் புகழ்ந்தார். கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் கிளென் ரங்வாலா படித்துப் பார்த்தார். அதன் பெரும்பகுதி, இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வாளர் 2002இல் எழுதிய கட்டுரையின் நகல்! எழுத்துப் பிழைகள்கூட அப்படியே இருந்தன. ஆனால், 'எதிர்ப்புக் குழுக்கள்' என்று அவர் எழுதியது 'பயங்கரவாத அமைப்புகள்' என்று மாறியிருந்தது. ஒரு நாட்டின்மேல் படையெடுப்பதா என்று உலகமே விவாதித்த வேளையில் செய்த திருத்தம் அது.

திருத்தியது யார்? அறிக்கை வேர்ட் கோப்பாகவே வெளியிடப்பட்டிருந்தது. அக்காலத்து வேர்ட் மென்பொருள், கோப்பைக் கடைசியாகச் சேமித்த 10 தடவைகளின் விவரத்தை, சேமித்தவரின் கணக்குப் பெயரோடு உள்ளே பதிந்து வைக்கும். அமெரிக்கக் கணினி வல்லுநர் ரிச்சர்ட் ஸ்மித் அதை வெளிக்கொணர்ந்தார். அரசாங்க அதிகாரிகளின் பெயர்கள் வந்தன. ஒரு கட்டத்தில் கோப்பு ஃபிளாப்பி வட்டில் சேமிக்கப்பட்டதும் தெரிந்தது. நாடாளுமன்றக் குழு பிரதமரின் செய்தித் தொடர்பு இயக்குநரை அழைத்துக் கேள்வி கேட்டது. அதற்குள் போர் தொடங்கி மூன்று மாதமாகிவிட்டது.

இப்போது நமக்குக் கைப்பேசியில் வரும் கடிதங்கள் பெரும்பாலும் பிடிஎஃப் கோப்புகளே. 1993இல் வந்த இவ்வகைக் கோப்பில், கடிதத்தை முதலில் உருவாக்கிய மென்பொருளின் பெயருக்கு ஓர் இடமும், அதைப் பிடிஎஃப் ஆக மாற்றிய மென்பொருளின் பெயருக்கு இன்னோர் இடமும் உண்டு. கணினியில் கோப்பைத் திறந்து 'புரோப்பர்ட்டீஸ்' என்னும் பகுதியை அழுத்தினால் காணலாம். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உங்களுக்குக் காட்டித் தருவார்கள்.

ஆயினும் இக்குறிப்பைச் செக்ரோல் கையெழுத்தைப் போல் நம்பிவிட முடியாது. இதை அழிக்கலாம், மாற்றியும் எழுதலாம். வேர்டில் எழுதிய உண்மைக் கடிதத்தை அச்செடுத்து, கைப்பேசியில் படம்பிடித்து அனுப்பினால், உள்ளே பெரும்பாலும் படம்பிடித்த செயலியின் பெயர்தான் இருக்கும். அதனால் அது பொய்க் கடிதம் ஆகிவிடாது.