பிழையைக் கொண்டு பிழையை அளத்தல்

சான்பாடாவுக்கு மேற்கே, தாணே கழிமுகத்தின் அக்கரையில் உள்ளது டிராம்பே அணு ஆராய்ச்சி மையம். அதனை நிறுவிய ஹோமி பாபா, 1955ஆம் ஆண்டு ஜெனீவா மாநாட்டுத் தலைமையுரையில், அணுக்கரு இணைவாற்றலைக் கட்டுப்பாட்டுடன் பெறும் வழி இருபதாண்டுகளுக்குள் கண்டறியப்படும் என்றார். அக்கெடு கடந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. தாமதத்திற்குப் பெரிய காரணங்களே பேசப்படுகின்றன. காந்தப்புலத்தின் சிறு பிழைகளை வரலாறு எழுதுவோர் அதிகம் கண்டுகொள்வதில்லை.

பல கோடிப் பாகை வெப்பமுள்ள பிளாஸ்மாவுக்குக் காந்தக் கோடுகளே கலம். சுருள்கள் சிறிது பிசகி அமர்ந்தாலும் அக்கோடுகள் திரிந்து, 'காந்தத் தீவுகள்' தோன்றும், வெப்பம் கசியும்.

ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் 2015இல் இயங்கத் தொடங்கிய வெண்டல்ஸ்டைன் 7-எக்ஸ் கருவியில் 70 மீக்கடத்திச் சுருள்கள் உள்ளன. பிழை திருத்துவதற்கென, அமெரிக்காவிலிருந்து வந்த 5 செப்புச் சுருள்கள் வெளிப்புறத்தே பொருத்தப்பட்டன. தொடக்கத்தில் அவை திருத்தத்தைவிட அளவீட்டுக்கே பயன்பட்டன. அளவறிந்த பிழையொன்றை அவற்றால் வேண்டுமென்றே புகுத்தி, தீவின் அகலம் மாறும் விதத்தைக் கொண்டு கருவியின் சொந்தப் பிழையை ஆய்வாளர் கணித்தனர். அது நூறாயிரத்தில் ஒரு பங்கினும் குறைவு!

ஆயினும் எஞ்சிய பிழைப்புலங்களால், வெப்பத்தை ஏற்கும் பத்துப் பகுதிகளிலும் அது சமமாக விழவில்லை. அதனைச் சீர்செய்யவும் இச்சுருள்களே பின்னர் உதவின. இந்தியா 2005இல் இணைந்த ஐட்டர் திட்டத்தின் வடிவமைப்பில் இத்தகைய திருத்தச் சுருள்கள் 18.