பகைவர் கண்ணில் காஞ்சி

நம் வெம்பாக்கம் வட்டத்து மாமண்டூர்க் குடைவரை ஒன்றில், பாதி அழிந்துபோன வடமொழிக் கல்வெட்டு ஒன்று உண்டு. மத்தவிலாசம் என்ற அங்கத நாடகத்தின் பெயர் அதில் வருகிறது. அந்த நாடகத்தை எழுதிய முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில்தான் வாதாபிச் சாளுக்கியரோடு பல்லவருக்குப் பகை முற்றியது.

634-35ஆம் ஆண்டு அய்கொளே கல்வெட்டில், பல்லவன் காஞ்சி மதிலுக்குள் ஒளிந்துகொண்டான் என்று பாடுகிறார் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியின் அவைப்புலவர் ரவிகீர்த்தி. பல்லவரின் காசக்குடிச் செப்பேடோ, புள்ளலூரில் பகைவரை அழித்தவன் மகேந்திரன் என்கிறது. தோற்றதாக எந்த அரசவைப் புலவர்தான் எழுதினார்! சாளுக்கியச் செப்பேடுகள் பல்லவரை 'இயற்கைப் பகைவர்' என்றே குறிக்கின்றன.

இரண்டு நாட்டையும் பார்த்த வெளியூர்க்காரர் ஒருவர் இருந்தார். ஏறத்தாழ 640இல் தெற்கே வந்த சீனத் துறவி யுவான் சுவாங், காஞ்சி மக்கள் துணிவும் நேர்மையும் கல்வியில் நாட்டமும் உள்ளவர்கள் என்கிறார். புலிகேசியின் நாட்டாரோ செருக்குடையவர்கள். நன்றி மறவார், பழியும் மறவார். தோற்று வந்த படைத்தலைவனுக்குத் தண்டனை கிடையாது, பெண்ணுடை கொடுத்து மானத்தை வாங்கிவிடுவார்கள் என்று குறித்துவைத்தார். பௌத்தத் துறவியான அவருக்கு, நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகள் இருந்த காஞ்சி கூடுதலாகப் பிடித்திருந்தால் வியப்பில்லை.

642இல் மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மன் வாதாபியைப் பிடித்தான். ஒரு நூற்றாண்டு கழிந்து, அந்தப் பழியைத் தீர்க்கச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். ஆனால் இராசசிம்மேச்சுரம் எனப்பட்ட கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டவன் அதைக் கொள்ளையிடாமல் இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான். அந்தக் கோயிலின் தூணில் கன்னடத்தில் பொறிக்கப்பட்ட செய்தி இது. வென்றவனின் தற்பெருமையும் அதில் கலந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் செப்பேட்டு வசைகளைவிட இந்தத் தூணையே நான் நம்புவேன். ஏனெனில், அடுத்து நடந்தது அதற்குச் சான்று.

விக்கிரமாதித்தனின் பட்டத்தரசி லோகமகாதேவி, காஞ்சியை மும்முறை வென்றதன் நினைவாகப் பட்டடக்கல்லில் எழுப்பிய கோயில்தான் இன்றைய விரூபாட்சம். வெற்றிச் சின்னம் என்றால் தம் நாட்டுப் பாணியை உரக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதன் விமானமும் திருச்சுற்றும் கைலாசநாதரையே நினைவூட்டுகின்றன. கட்டியவர்களின் பெயர்களும் அங்கேயே உள்ளன. ஒருவர் குண்டன் அனிவாரிதாச்சாரி. திரிபுவனாச்சாரி என்ற பட்டம் பெற்றவர். மற்றவர் சர்வசித்தி ஆச்சாரி. அவரைத் தென்திசைச் சூத்திரதாரி என்கிறது, தோற்ற நாட்டின் திசையை மறைக்காத அந்தக் கல்வெட்டு.