அம்பிட்டியவுக்கு வந்த அரிஸ்டோட்டில்

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டோட்டில் எழுதிய ‘ஆன்மாவைப் பற்றி’ உளவியலின் மூலநூல்களில் ஒன்று. அதன் சிந்தனை கண்டிக்கு அருகிலுள்ள அம்பிட்டியவை எட்டியது 1893இல். நேர்வழியில் அல்ல, பக்தாதையும் ஸ்பெயினையும் சுற்றிக்கொண்டு!

9ஆம் நூற்றாண்டு பக்தாதில் கிரேக்க நூல்களை அரபுக்கு மாற்றியவர்களில் பலர் சிரியக் கிறிஸ்தவர்கள். அந்த அரபு நூல்களில் ஊறிய மருத்துவர் இப்னு சீனா, 11ஆம் நூற்றாண்டில் ஆன்மா பற்றித் தாமே ஒரு நூல் எழுதினார். ஓர் ஆடு ஓநாயைப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரிவது நிறமும் உருவமும்தான், பகை தெரிவதில்லை. ஆனாலும் ஆடு ஓடுகிறது. ஆபத்தை மதிப்பிட ஐம்புலன்களுக்கு அப்பால் ஓர் உட்புலன் இருந்தாக வேண்டும் என்றார் அவர். உளவியல் பாடங்களில் வரும் பாவ்லோவின் நாயைவிட இந்த ஆடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

12ஆம் நூற்றாண்டில் ஆடு ஸ்பெயினின் தொலேதோ நகரை அடைந்தது. அங்கே ஒரு யூத அறிஞர் இப்னு சீனா நூலின் அரபுச் சொற்களை ஒவ்வொன்றாகப் பேச்சுமொழியில் சொல்லச் சொல்ல, பக்கத்திலிருந்த கிறிஸ்தவக் குரு அவற்றை இலத்தீனில் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் இறையியலாளர் தோமஸ் அக்குவைனஸ் அரிஸ்டோட்டிலுக்கு உரை எழுதினார். ஆட்டையும் ஓநாயையும் தம் இறையியலுக்குள் சேர்த்துக்கொண்டார்.

பிறகு சில நூற்றாண்டுகள் மங்கிக் கிடந்த தோமஸை 1879 ஆகஸ்டில் மீட்டெடுத்தவர் பாப்பரசர் 13ஆம் லியோ. கத்தோலிக்கக் கல்விக்கூடங்களில் தோமஸின் மெய்யியலைக் கற்பிக்க வேண்டும் என்று அவர் சுற்றுமடல் விடுத்த அதே ஆண்டில்தான், ஜெர்மனியின் லைப்சிக்கில் உளவியலாளர் வுண்ட் தம் உளவியல் ஆய்வுகூடத்தைத் தொடங்கினார். இரண்டும் பகைத்துக்கொள்ளவில்லை. லியோவின் விருப்பப்படி பெல்ஜியத்தின் லுவேனில் தோமஸின் மெய்யியலுக்கு நிறுவனம் அமைத்த குரு மெர்சியே, அங்கேயே ஓர் உளவியல் ஆய்வுகூடத்துக்கும் இடம் கொடுத்தார். அதை நடத்தியவர் வுண்டிடம் பயின்றவர்!

இந்தியாவிலும் இலங்கையிலும் சுதேசக் குருக்களை உருவாக்கவென்று அதே லியோ 1893இல் அம்பிட்டியவில் நிறுவியதுதான் கண்டிக் குருமடம். பொறுப்பேற்றவர்கள் பெல்ஜிய இயேசு சபையினர். பல மறைமாவட்டங்களிலிருந்து, பல தாய்மொழிகளோடு வந்த மாணவர்களுக்குப் பொதுமொழி இலத்தீன். பிற்காலத்தில் இந்தியாவின் முதல் கர்தினாலான வலேரியன் கிரேசியஸும் இங்கே படித்தவரே. ஏதென்ஸில் பிறந்த கேள்வியை இஸ்லாமியரும் யூதரும் கிறிஸ்தவரும் கைமாற்றி இந்த வகுப்பறை வரை கொண்டுவந்ததை எண்ணினால் மனம் நெகிழ்கிறது.

1955இல் அந்தக் குருமடம் புனேவுக்கு இடம்பெயர்ந்தது. அம்பிட்டியவில் இலங்கையின் தேசிய குருமடம் இன்றும் இயங்கிவருகிறது.